பாலை யார் செய்த நிலம்?

தருமபுரி அகழ்வைப்பகத்துல நடுகற்களைப் பார்த்துட்டு அரூர் போயிருந்தேன். பேருந்து நிலையத்துக்கிட்ட ஒரு டீக்கடை. பக்கத்துல உட்கார்ந்திருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். நடுகல் பார்க்கிறதுக்குன்னே ஒருத்தன் பஸ் ஏறி வருவானான்னு அவருக்கு ஆச்சரியம். அப்புறம் சொன்னார்: "இந்த மண்ணே அப்படித்தான் தம்பி. காஞ்ச பூமி. காஞ்ச பூமியில பொறந்தவனுக்குக் கோவம் ஜாஸ்தி. அன்னிக்கு மாட்டுக்கு வெட்டிக்கிட்டான், இன்னிக்கு சாதிக்கு வெட்டிக்கிறான்."

கேட்ட உடனே சரின்னு தலையாட்டத் தோணுது. ஆட்டினேன். பஸ் ஏறினதுக்கு அப்புறம்தான் உறுத்த ஆரம்பிச்சுது. தருமபுரின்னு சொன்னாலே நமக்கு நினைவுக்கு வர்ற சம்பவங்களை ஒவ்வொண்ணா எடுத்து இந்த வாக்கியத்தோட பொருத்திப் பார்த்தேன். ஒண்ணுகூட ஒட்டலை. அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

பழைய வாக்கியம், பெரிய குடும்பம்

பெரியவர் சொன்னது அவர் கண்டுபிடிச்சது இல்லை. "நிலம் கொடுமையானால் மனிதனும் கொடுமையாவான்" என்பதை உலகம் பூராவும் பல மொழிகளில் சொல்லியிருக்காங்க. 1748ல் பிரெஞ்சு சிந்தனையாளர் மான்டெஸ்கியூ, தட்பவெப்பம் மக்களின் குணத்தையும் சட்டத்தையும் தீர்மானிக்கிறது என்று விரிவாக எழுதினார். தமிழில் நமக்கு ஐந்திணையே இருக்கு. பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்கிறோம்: பாலை நிலம், மக்கள் எயினர், மறவர், தொழில் வழிப்பறி, ஆநிரை கவர்தல். நிலத்தைச் சொன்னால் தொழில் தெரியும், தொழிலைச் சொன்னால் குணம் தெரியும் என்கிற மாதிரி ஒரு அட்டவணை.

அட்டவணை இலக்கியத்தில் இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவு இல்லை. அரசாங்கத்தின் கைக்குப் போகும்போதுதான் ஆபத்து. 1871ல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தில் பிறந்தாலே குற்றவாளி, கைரேகை வை, ராத்திரி ஸ்டேஷனில் வந்து படு என்று சொன்ன சட்டம். அதுக்கு அடியில் ஓடிய நினைப்பும் இந்த அட்டவணைதான். இன்ன இடத்து ஆள், இன்ன பிறப்பு, அதனால் இன்ன தொழில்.

நியாயமாகப் பேசணும் என்றால் இதையும் சொல்லணும்: சூழலுக்கும் வன்முறைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2013ல் சயின்ஸ் இதழில் சாலமன் சியாங், மார்ஷல் பர்க், எட்வர்ட் மிகெல் என்ற மூன்று பேர் ஏற்கனவே வந்த 60 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெப்பமோ மழையோ வழக்கத்திலிருந்து ஒரு திட்ட விலக்கம் அளவுக்கு மோசமானால், தனிமனிதர்களுக்கு இடையேயான வன்முறை சுமார் 4 சதவீதமும், குழுக்களுக்கு இடையேயான மோதல் சுமார் 14 சதவீதமும் கூடுகிறது என்பது அவர்கள் முடிவு. அந்த அளவீட்டைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. ஆனால் பஞ்சத்தில் கொள்ளை கூடும் என்பதற்கு நமக்கு அமெரிக்கப் பேராசிரியர்கள் தேவையில்லை. தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அந்தக் காலத்தில் சென்னை மாகாணம் முழுக்கத் தானியக் கொள்ளைகள் நடந்தன. ஆனால் உற்றுப் பார்த்தால் அதிலேயே ஒரு விஷயம் இருக்கு. மக்கள் கண்டபடி ஆளை வெட்டவில்லை. விலையை ஏற்றிய வியாபாரியின் கடையைத்தான் குறிவைத்தார்கள், ஊரை விட்டு வெளியே போன தானிய வண்டியைத்தான் மறித்தார்கள். வறட்சி பசியைத் தந்தது. யார்மேல் கோபப்படுவது என்பதைத் தந்தது சந்தை.

ஒரு எச்சரிக்கைக் கதை

இந்த வாக்கியத்தை நம்பி ஒரு நல்ல மானுடவியலாளர் எவ்வளவு தூரம் வழுக்கினார் என்பதற்குக் காலின் டர்ன்புல் உதாரணம். 1960களில் வடகிழக்கு உகாண்டாவின் வறண்ட மலைப்பகுதியில் இக் என்ற சிறிய இனக்குழுவோடு தங்கினார். 1972ல் 'தி மவுண்டன் பீப்பிள்' புத்தகம் வந்தது. பசி வந்ததும் இக் மக்களுக்கு அன்பே இல்லாமல் போய்விட்டது, கிழவர்களைச் சாகவிட்டுச் சிரிக்கிறார்கள், குழந்தைகளைத் துரத்துகிறார்கள் என்று எழுதினார். புத்தகம் பிரபலமாகி நாடகமாகக்கூட மேடையேறியது. மனுஷனின் நாகரிகம் எல்லாம் வயிறு நிறைஞ்சிருக்கிற வரைக்கும்தான் என்பதற்குச் சாட்சியாக எல்லாரும் இக்கைக் காட்டினார்கள்.

1980களில் ஜெர்மன் மொழியியலாளர் பெர்ன்ட் ஹைனே அங்கே போனார். டர்ன்புல் எழுதியதும் தான் கண்டதும் ஒரே மக்கள்தானா என்று சந்தேகப்படும் அளவுக்கு வித்தியாசமாக இருந்ததாக எழுதினார். டர்ன்புல் போயிருந்தது கடும் பஞ்ச காலம். மொழி சரியாகத் தெரியாது. செய்தி சொன்னவர்களில் சிலர் இக்கே கிடையாது. ஒரு வீட்டில் சாவு விழுந்த அன்றைக்கு உள்ளே போய்விட்டு, "இவங்க எப்பவும் அழுதுட்டேதான் இருப்பாங்க" என்று எழுதிய மாதிரி ஆகிவிட்டது கதை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த மக்கள் கிடெப்போ பள்ளத்தாக்கின் வேட்டைக்காட்டை இழந்ததுதான் சீரழிவுக்குத் தொடக்கம் என்பது டர்ன்புல்லே சொன்ன விளக்கம். அந்தப் பள்ளத்தாக்கு 1962ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதாவது அவர் விளக்கத்தின்படியே வறட்சிக்கு முன்னால் ஒரு அரசாணை நிற்கிறது. ஆனால் புத்தகம் பூங்காவை மறந்துவிட்டு மனித இயல்பைப் பற்றிப் பேசப் போய்விடுகிறது. கடைசியில் இந்த இனத்தைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு இடங்களில் சிதறவிட வேண்டும் என்று அரசாங்கத்துக்குப் பரிந்துரையும் செய்தார். தவறான விளக்கம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேணும்?

இளங்கோ உண்மையில் சொன்னது

சரி, நம்ம பாலைக்கு வருவோம். 'முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை' என்பது சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் வருகிறது. மேடையிலும் பாடப்புத்தகத்திலும் எல்லாரும் எடுத்துக் காட்டும் இடம். கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவருக்கும் மாங்காட்டு மறையோன் மதுரைக்கு வழி சொல்கிறான். வெயில் காலத்தில் வந்து மாட்டிக்கொண்டீர்களே என்ற தொனியில் தொடங்குகிறான்.

நாம் எப்போதும் அந்த வாக்கியத்தின் பின்பாதியைத்தான் சொல்கிறோம். முன்பாதியில் ஒரு உவமை இருக்கு. சூரியனும் வேனிலும் சேர்ந்து நிலத்தின் நலத்தைக் கெடுத்தது எதைப்போல என்றால், அரசனும் அவனுடைய அதிகாரிகளும் சேர்ந்து நெறி கோணிப்போனதால் கெட்ட நாட்டைப்போல என்கிறது. இயற்கை ஒரு நிலத்தைப் பாழாக்குவதைப் புரியவைக்க, ஆட்சி ஒரு நாட்டைப் பாழாக்குவதை உவமையாக எடுக்கிறார் இளங்கோ. உவமை என்பது கேட்பவனுக்கு ஏற்கனவே தெரிந்த பொருளாக இருக்கணும். அப்படியென்றால் கேட்பவனுக்கு வெயிலைவிட நன்றாகத் தெரிந்தது அதிகாரிகளின் கோணல்தான்! இந்தப் பாதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் பாடமாக்கியதில்தான் பாலை வெறும் புவியியல் ஆகிவிட்டது.

அடுத்த காதை வேட்டுவ வரி. எயினர் ஊர், கொற்றவை கோயில். சாலினி என்ற பெண் மேல் தெய்வம் ஏறி ஆடுகிறாள். அவள் சொல்வதைக் கவனியுங்கள். வெயிலைப் பற்றி அவள் புலம்பவில்லை. சுற்றியிருக்கிற ஊர்களில் மாடுகள் பெருகிவிட்டன, நம்ம மன்றம் பாழாகக் கிடக்கிறது, மறவர்கள் அறவழிக் குடிகளைப்போல அடங்கிப்போய்விட்டார்கள், தெய்வத்துக்குப் பலி கொடுங்கள் என்கிறாள். வன்முறைக்கான அழைப்பு, பக்கத்து ஊர்க்காரன் செழித்துவிட்டான் என்ற ஒப்பீட்டிலிருந்து வருகிறது. "நாம யாரு, இப்படி அடங்கிக் கிடக்கலாமா?" என்ற பெருமிதத்திலிருந்து வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாயக்கன்கொட்டாய்க்குப் போகும்போது தேவைப்படும்.

இன்னொன்று. வழிப்பறிக்காரர்கள் என்று பெயர் வாங்கிய அந்த எயினர் ஊரில், காலில் பொற்சிலம்போடு வந்த கண்ணகிக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. சாலினி அவளைப் போற்றிப் பேசுகிறாள், அவள் கூச்சப்பட்டுக் கணவன் பின்னால் ஒதுங்குகிறாள், அவ்வளவுதான். கொலை நடந்தது மதுரையில். வைகை ஓடும் ஊர், கோட்டை, காவல், அரசவை எல்லாம் உள்ள ஊர். ஒரு பொற்கொல்லனின் பொய், விசாரிக்காத அரசனின் ஒரு வார்த்தை, ஒரு காவலனின் வாள். பாலையைத் தாண்டி வந்தவன் மருதத்தில் செத்தான். காப்பியத்தின் கட்டமைப்பே திணை அட்டவணையை மறுக்கிறது. நாமதான் கவனிக்கலை.

நடுகல்லில் இருக்கும் இன்னொரு பெயர்

பெரியவர் சொன்ன "மாட்டுக்கு வெட்டிக்கிட்டான்" விஷயமும் இப்படித்தான். தருமபுரி, செங்கம் பகுதி நடுகற்கள் பலவற்றிலும் எழுத்து ஒரு வாய்பாட்டில் இருக்கும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், தொறு கொண்டபோதா மீட்டபோதா, செத்தவன் பெயர். தொறு என்றால் மாட்டு மந்தை. செத்தவன் பெயருக்கு முன்னால் அவன் யாருடைய சேவகன் என்பதும் பல கற்களில் வருகிறது.

அந்தச் 'சேவகன்' என்ற சொல்லை நாம் சாதாரணமாகக் கடந்துபோகிறோம். பசியில் கிளம்பிய தனி ஆள் யாருக்கும் சேவகனாக இருக்கணும்னு இல்லை. இவன் ஒரு தலைவனுக்கு வேலை செய்தவன். பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் என்று பல அதிகாரங்கள் உரசிக்கொண்ட எல்லைப் பகுதி இது. மாட்டைக் கவர்வது எதிரியின் சொத்தைக் குறைக்கும் போர்முறை. மந்தை தலைவனுக்கு, கல் சேவகனுக்கு. நிலம் காய்ந்திருந்ததால் மாடுதான் முக்கியச் செல்வமாக இருந்தது, அதுவரைக்கும் சூழலின் பங்கு உண்மை. அதை வெட்டுக்குத்தாக மாற்றியது அரசியல்.

வாச்சாத்தி: காட்டுக்காரன் யார்?

இனி நம் காலம். அரூர் வட்டம், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து போனது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் நாசமானது, கிணறு பாழாக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சேலம் சிறைக்குப் போனார்கள். மீதிப்பேர் மலைக்கு ஓடி ஒளிந்தார்கள்.

அப்போது அதிகாரத் தரப்பு சொன்ன விளக்கத்தைப் பாருங்கள்: இது கடத்தல்காரர்களின் ஊர். காட்டோரம் இருக்கிறவன், வறுமையில் இருக்கிறவன், வேறென்ன செய்வான்? கூலிக்குக் கட்டை சுமந்தவர்கள் அந்தப் பகுதியில் இருந்திருக்கலாம். லாரி யாருடையது, வாங்கினது யார் என்ற கேள்விக்கு இந்த அட்டவணையில் இடமே இல்லை. நிலம் தெரியும், அதனால் குற்றம் தெரியும், அதனால் தண்டனையையும் நாமே கொடுத்துக்கலாம்.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நடத்திய போராட்டத்தால் வழக்கு சிபிஐக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லாரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது அதில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5. மேல்முறையீடு செய்தார்கள். சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29ல் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்றத்தான் இந்த எளிய மக்கள் பலியாக்கப்பட்டார்கள் என்ற பொருளிலும் அந்தத் தீர்ப்பு பேசியது.

இப்போது சொல்லுங்கள், இதில் வன்முறையாளன் எந்த நிலத்துக்காரன்? சம்பளம், சீருடை, ஜீப், ஓய்வூதியம் எல்லாம் உள்ளவர்கள் செய்தார்கள். காய்ந்த பூமியில் பிறந்தவர்கள் 19 வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். கத்தி தூக்கவில்லை, சாட்சி சொன்னார்கள். அரசனும் அதிகாரிகளும் கோணினால் நிலம் பாலையாகும் என்ற உவமைக்கு உரை எழுத வேண்டுமென்றால் வாச்சாத்தியை எழுதினால் போதும்.

நாயக்கன்கொட்டாய்: காய்ச்சலா, செழிப்பா?

இரண்டாவது சம்பவம் 2012 நவம்பர் 7. வன்னியர் பெண்ணும் தலித் இளைஞரும் காதலித்துத் திருமணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அன்று மாலை நாயக்கன்கொட்டாயை ஒட்டிய நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளைப் பெரும்பாலும் வன்னியர்கள் அடங்கிய கும்பல் தாக்கியது. 250க்கு மேற்பட்ட வீடுகள் கொள்ளையடிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. அடுத்த வருஷம் ஜூலை 4 அன்று அந்த இளைஞர் தருமபுரியில் ரயில் பாதை அருகே பிணமாகக் கிடந்தார்.

பெரியவரின் வாக்கியம் இங்கே பொருந்துமா? இரண்டு தரப்புக்கும் ஒரே மண், ஒரே மழை. எரிந்தது ஒரு பக்கம் மட்டும். எரிந்தது என்னென்ன என்று பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். பைக், டிவி, பீரோ, பிள்ளைகளின் சான்றிதழ். பெங்களூரு, திருப்பூர் என்று போய் வேலை செய்து சேர்த்தவை. பழைய காலம் மாதிரி ஊர் நிலத்தில் கூலிக்கு நிற்க வேண்டிய அவசியம் காலனியில் பலருக்கு இல்லாமல் போயிருந்தது. வறட்சி நிலத்தைக் கெடுத்தபோது நிலம் இல்லாதவன் முதலில் ஊரை விட்டுப் போனான், போனதால் கொஞ்சம் நிமிர்ந்தான். நிலத்தோடு கிடந்தவன் அதைப் பார்த்தான். சாலினியின் குரல் கேட்கிறதா? அவர்கள் மந்தை பெருகிவிட்டது, நம் மன்றம் பாழ், நாம் அடங்கிக் கிடக்கிறோம். தெய்வம் ஏறிப் பேச இப்போது மேடையும் மைக்கும் இருந்தன.

இன்னொரு உண்மையையும் சேர்த்துப் பார்க்கணும். இதே நாயக்கன்கொட்டாயில் அப்பு, பாலன் என்ற நக்சலைட் தலைவர்களின் சிலைகள் நிற்கின்றன. 1970களின் கடைசியில் இந்த வட்டாரத்தில் இரண்டு சாதிகளின் ஏழைகளும் ஒன்றாகச் சேர்ந்து கந்துவட்டியையும் தீண்டாமையையும் எதிர்த்தார்கள். அந்த இயக்கத்தின் வழிமுறையை நான் ஆதரிக்கவில்லை, அரசு அதை அடக்கிய விதத்தையும் ஆதரிக்கவில்லை. என் கேள்வி ஒன்றுதான். அன்றைக்கும் பூமி காய்ந்துதானே இருந்தது? ஒரே வறட்சி ஒரு தலைமுறையில் கூட்டாளிகளை உண்டாக்கியது, அடுத்த தலைமுறையில் தீ வைத்தது. அப்படியென்றால் விடையை வறட்சியில் தேடுவதில் பயனில்லை.

மழைக் கணக்கு

ஒரு சின்ன விஷயம். தருமபுரியின் ஆண்டு சராசரி மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். கோயமுத்தூர் சமவெளிக்கு இதைவிடக் குறைவு. ஆனால் கோயமுத்தூரை யாரும் பாலை என்று சொல்வதில்லை. அணை, பாசனம், மில், மின்சாரம் வந்ததால் அது வேறு நிலமாகிவிட்டது. தருமபுரியின் ஓரத்திலேயே காவிரி ஓகேனக்கல்லில் கொட்டுகிறது. அதைப் பார்த்தபடியே இங்கத்து ஜனங்கள் ஃப்ளூரைடு கலந்த ஆழ்துளைத் தண்ணியைக் குடித்து, பல் கறுத்து, எலும்பு வளைந்து கிடந்தார்கள். ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2013ல். சுதந்திரம் வந்து 66 வருஷம் கழித்து. இதையும் இயற்கை கணக்கில் எழுதுவதா?

ஔவையின் பதில், அதன் குறை

தகடூர் என்ற பழைய தருமபுரியின் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியவர் ஔவையார். புறநானூற்றில் 187ஆவது பாட்டு அவருடையது. நாடோ காடோ, மேடோ பள்ளமோ, எங்கே ஆடவர் நல்லவர்களோ அங்கே நிலமே, நீயும் நல்லை என்று நிலத்திடமே சொல்கிறார். திணை அட்டவணையைத் தலைகீழாகத் திருப்பிப்போட்ட பாட்டு. தகடூரோடு பழகியவர் இதைச் சொன்னார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஆனால் ஔவையோடும் எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. 'நல்லவர்' என்று அவர் நிறுத்திக்கொள்கிறார். வாச்சாத்திக்குப் போன 269 பேரும் வீட்டில் நல்ல அப்பாவாக, நல்ல அண்ணனாக இருந்திருக்கலாம். தனித்தனி மனிதர்களின் நல்ல குணம் அன்றைக்கு அந்த ஊர்ப் பெண்களைக் காப்பாற்றவில்லை. கடைசியில் கொஞ்சமாவது காப்பாற்றியது சங்கம், சாட்சி, நீதிமன்றம். நல்லவராக இருக்க முடிகிற ஏற்பாடும், கெட்டவராக நடந்தால் பதில் சொல்ல வேண்டிய ஏற்பாடும்தான் நிலத்தை நல்லதாக்குகிறது. இளங்கோவின் உவமையையும் ஔவையின் பாட்டையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த இடத்துக்கு வர முடிகிறது.

சூழல் பயத்தைத் தரும், மறுக்கவில்லை. அடுத்த வேளைச் சோறு, அடுத்த குடம் தண்ணி, மகளின் கல்யாணம், ஊர் மதிப்பு, எல்லாமே பயம்தான். அந்தப் பயத்துக்கு யார் பெயர் சூட்டுகிறார்கள், யாரை நோக்கிக் கை காட்டுகிறார்கள் என்பது மண்ணுக்குத் தெரியாது. அதை மனிதர்கள் செய்கிறார்கள், அவர்களுக்கு முகவரி உண்டு. "மண்ணே அப்படித்தான்" என்று சொல்லும்போதெல்லாம் அந்த முகவரியை நாம் அழித்துவிடுகிறோம்.

பெரியவரை மறுபடி பார்த்தால் டீ நான் வாங்கித் தருவேன். "மண்ணு மேல தப்பில்லைங்க ஐயா" என்று மட்டும் இந்தத் தடவை சொல்லிடணும்.